மனேச்சரின் ஐமிச்சம்

ஒரு பொம்பிளை அழுகிறதைக் கேக்கிறதுக்கு எவனாவது சம்பளம் குடுத்து ஆள் அனுப்புவானோ? எனக்கு உது இன்னும் விளங்கேல்லை. அறுபத்திரண்டு வயசாச்சு, முப்பது வருசம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரா இருந்தனான், அரிசி மூட்டையைத் தட்டிப் பாத்தே எத்தினை கிலோ குறையுதெண்டு சொல்லுவன், உந்த விசயம் மட்டும் தட்டிப் பாக்கப் பிடிபடுதில்லை. புதன்கிழமை, பின்னேரம் ரண்டேகால், வெயில் மண்டையைப் பிளக்குது, நான் பொதுநோக்கு மண்டபத்துக்கு வெளியில வேப்பமரத்தில சைக்கிளைச் சாத்திப்போட்டு வேரில குந்தியிருக்கிறன். உள்ளுக்க என்ர மனுசி தவமலர். அவளோட இன்னும் பதினொரு பொம்பிளையள், எல்லாரும் சண்டையில பிள்ளையைத் துலைச்சவை, இல்லாட்டிப் புருசனைத் துலைச்சவை. வாசலில பன்னிரண்டு சோடிச் செருப்பு, கூட்டம் நடத்துற வினோதா மிஸ்ஸின்ர சப்பாத்தோட பதின்மூண்டு, எண்ணிப் போட்டன். மனசுக்கு ஆறுதல் குடுக்கிற குழுவாம். வட்டமா இருத்தி வச்சுக் கதைக்க விடுகினம். கதைக்க விட்டா கதை வரும், சரி, வந்த கதை எங்க போகும்? அதைத்தான் ஒருத்தரும் சொல்லுறதில்லை. எட்டாவது புதன் இது. இண்டைக்குப் புருசன்மாரும் வரலாமாம். காலமை புட்டுக் குழைச்சுக்கொண்டிருக்கேக்க என்ர முகத்தைப் பாக்காமல் சொன்னாள். "இண்டைக்கு நீங்களும் வரலாமாம்." "ஆர் சொன்னது?" "மிஸ்." "ஏனாம்?" "தெரியாது. வாறதெண்டா வாங்கோ." வாங்கோ எண்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு, வராதேங்கோ எண்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு. வாறதெண்டா வாங்கோ எண்டா என்ன அர்த்தம்? முப்பத்தஞ்சு வருசம் ஒண்டா இருந்தவள், என்னட்டப் போட்டு வாங்கப் பாக்கிறாளோ? புட்டைத் திண்டன், கை கழுவினன், பின்னேரம் அவளைக் கரியரில ஏத்திக்கொண்டு வந்து இறக்கிவிட்டன். இறக்கிவிட்டவன் வீட்ட போயிருக்கலாம். போகேல்லை. ஏனெண்டா அவளுக்கு நான் சொன்ன பொய் ஒண்டு இருக்கு, ஒன்பது வருசமா இருக்கு, அது உள்ளுக்க இருந்து அவிழுதோ எண்ட பயம் எனக்கு.

உதவி செய்ய வந்த நிறுவனங்களைப் பற்றி எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆடு குடுத்தவை வந்தினம், ஆடு குடுத்தினம், படம் எடுத்தினம், போயிட்டினம். கோழிக்கூடு, மலசலகூடம், தையல் மெசின், எல்லாத்துக்கும் ஒரு சாமான் இருந்தது, ஒரு பட்டியல் இருந்தது, கையெழுத்து வாங்கினாங்கள், விளங்கிச்சு. உவை ஒரு சாமானும் கொண்டு வரேல்லை. கதிரை கூட மண்டபத்தின்ர கதிரை. தேத்தண்ணியும் பணிசும் குடுக்கினம், அவ்வளவுதான், ஒரு பணிசுக்காக ஆர் மோட்டச்சைக்கிளில நாப்பது கிலோமீற்றர் வருவினம்? அந்த வினோதாவை நான் சும்மா விடேல்லை. முதல் புதனே மறிச்சுக் கேட்டன், பிள்ளை எந்த ஊர், ஆற்ற மகள், தேப்பன் என்ன செய்யிறார் எண்டு. சிரிச்சுக்கொண்டு எல்லாம் சொன்னா. பளைப் பக்கமாம், தேப்பன் புகையிலைத் தோட்டமாம். அண்டைக்கே அங்க இருக்கிற என்ர மச்சானுக்குப் போன் போட்டு விசாரிச்சன், ஓம் மச்சான், அப்பிடி ஒரு பிள்ளை இருக்கு, நல்ல பிள்ளை எண்டான். எல்லாம் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் கூட ஐமிச்சம், எல்லாத்தையும் உண்மையாச் சொல்லுற ஆள் எதையோ ஒண்டை ஒளிக்கத்தானே அப்பிடிச் சொல்லும்? உனக்குத்தான் விசர் பிடிச்சிருக்கு எண்டான் மச்சான். பிடிக்கட்டும். தவமலரை இஞ்ச அனுப்பினது ஆசுப்பத்திரி டொக்டர். நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை எண்டு போனவளுக்கு எல்லாத்தையும் சோதிச்சுப்போட்டு, அம்மா, நெஞ்சில ஒரு வருத்தமும் இல்லை, நீங்கள் ஆரோடையாவது மனம் விட்டுக் கதைக்க வேணும் எண்டு ஒரு துண்டு எழுதிக் குடுத்தார். எனக்குக் கொதி வந்திட்டுது. ஏன், வீட்டில நான் இல்லையோ? கட்டின புருசன் குத்துக்கல்லு மாதிரிப் பக்கத்தில இருக்கேக்க, உவளுக்கு மனம் விட்டுக் கதைக்க ஆள் தேவையாம். டொக்டருக்கு முன்னால தலையாட்டினன், வெளியில வந்து அவளிட்டக் கேட்டன், "போகப் போறியோ?" எண்டு. "போய்த்தான் பாப்பமே" எண்டாள். அவள்ர கையில வளையல் முழங்கை மட்டும் ஏறி இறங்குது, அவ்வளவு மெலிவு. ஒரு கிழமையில ஒரு கிலோ போகுது. அதைப் பாத்தாப் போகாதை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவள் இப்பிடியே கரைஞ்சு போனா நான் என்ன செய்யிறது, ஆரிட்டப் போறது, எனக்கு அவளை விட்டா ஆர்? மகள் துளசிகா கலியாணம் முடிச்சு வவுனியாவில, அது தன்ர பாட்டைப் பாக்கும். போ எண்டுதான் சொன்னன். அண்டைக்குத் தொட்டு எனக்கு நித்திரை இல்லை.

மூண்டாம் புதன் முடிஞ்சு வந்தவள் கறிக்கு உப்புப் போட மறந்திட்டாள். நாலாம் புதன் முடிஞ்சு, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க குசினி வாசலில நிண்டு என்னையே பாத்தாள், நான் நிமிர்ந்து பாக்க முகத்தை அங்கால திருப்பினாள். என்ன பாக்கிறாய் எண்டன். ஒண்டுமில்லை எண்டாள். ஒண்டுமில்லாமல் ஒருத்தி புருசன்ர வாயைப் பாப்பாளோ? அவையள் படிப்பிச்சு விட்டிருப்பினம், வீட்ட போய் இதைக் கவனி, அதைக் கவனி எண்டு. இப்ப உள்ளுக்க ஆரோ சிரிக்கினம். சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? பிள்ளையைத் துலைச்சவை கூடியிருந்து சிரிக்கிறதோ? இல்லை, சிரிப்பில்லை, அழுகை, ரண்டும் தூரத்தில கேக்க ஒண்டு போலத்தான் கிடக்கு. ஆற்ற குரல்? தவமலர்ர குரல் இல்லை. அவள் அழுதா முதல்ல மூச்சு இழுபடும், பிறகுதான் சத்தம். யன்னல் பாதி சாத்தியிருக்கு. ஏன் பாதி? காத்துக்கெண்டா முழுக்கத் திறக்க வேணும், ஒளிக்கிறதெண்டா முழுக்கச் சாத்த வேணும். நான் எழும்பிச் சறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு யன்னலுக்குக் கீழ இருக்கிற தண்ணிப் பைப்படிக்குப் போனன், காலைக் கழுவிற மாதிரி. கால் ஊத்தையே இல்லை. ஒரு காலைக் கழுவினன், பிறகு மற்றக் காலை, பிறகு திரும்பவும் முதல் காலை. தண்ணிச் சத்தத்தில உள்ளுக்க கதைக்கிறது கேக்கேல்லை, பைப்பைப் பூட்டினா நான் நிக்கிறது தெரிஞ்சிடும். அப்ப பாத்து வினோதா மிஸ் வெளியில வாறா, கையில ஒரு கோப்பை. கள்ளன் பிடிபட்ட மாதிரிப் போச்செனக்கு. "ஐயா, வெயிலுக்க இருக்கிறியள், தேத்தண்ணி குடியுங்கோ." "எனக்கு வேண்டாம் பிள்ளை." "இது சீனி போடாதது, ஐயா." எனக்குச் சீனி வருத்தம் எண்டு உவவுக்கு ஆர் சொன்னது? தவமலர் சொல்லியிருக்கிறாள். சீனியைச் சொன்னவள் மற்றதைச் சொல்லாமல் விடுவாளோ? கோப்பையை வாங்கினன். இப்ப கேக்கப் போறா, ஐயா உங்கட மகன் எண்டு தொடங்கப் போறா, நான் சொல்ல வேண்டிய மறுமொழி எல்லாம் ஆயத்தமா வச்சிருக்கிறன், ஒன்பது வருசமாச் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்ச மறுமொழி. கேக்கேல்லை. "உள்ளுக்க உங்களுக்கும் ஒரு கதிரை போட்டிருக்கு. வாறதெண்டா வாங்கோ, வராட்டியும் பிரச்சினையில்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. அவ்வளவுதான்! ஒண்டுமே கேக்கேல்லை. என்ர வாழ்க்கையில நான் கண்ட உத்தியோகத்தர் எல்லாரும் கேட்டவங்கள், பேர் என்ன, அட்டை இலக்கம் என்ன, எத்தினை மணிக்கு, எந்த இடத்தில, சாட்சி ஆர். கேக்கிறவனைச் சமாளிக்கலாம். கேக்காமல் போறவளை என்னெண்டு சமாளிக்கிறது? தெரிஞ்சவைதான் கேக்கமாட்டினம். தெரிஞ்சிட்டுது. தெரியாது, இஞ்ச பாதிச் சனத்துக்குச் சீனி வருத்தம், எல்லாருக்கும் ஒரு பானையில ஊத்தியிருப்பினம், அதுவும் சரிதான். தெரிஞ்சிட்டுது, தெரியேல்லை, தெரிஞ்சிட்டுது. தேத்தண்ணி நல்ல சாயம், குடிச்சன்.

நிருவை வரிசையில நிக்கேக்க ஆமிக்காரர் இழுத்துக்கொண்டு போட்டாங்கள். இதுதான் நான் சொன்ன கதை. நிரூபன், என்ர மகன், அப்ப பதினேழு வயசு. தவமலருக்குச் சொன்னன், துளசிகாவுக்குச் சொன்னன், விசாரிக்க வந்தவைக்குச் சொன்னன், படிவத்தில எழுதினன், கீழ சத்தியக் கையெழுத்தும் போட்டன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு போகாத கந்தோர் இல்லை, மகன்ர படத்தை நெஞ்சில பிடிச்சுக்கொண்டு வெயிலுக்க இருந்து "வரிசையில நிண்ட பிள்ளையை" எண்டு நூறு தரம், ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தரமும் நான் பக்கத்தில நிண்டு ஓம் எண்டு தலையாட்டியிருக்கிறன். இழுக்கேல்லை. ஒருத்தனும் இழுக்கேல்லை. சண்டை முடிஞ்ச கிழமை, கடலேரித் தண்ணியைக் கடந்து சனம் ஆமியின்ர பக்கம் வந்த நாள், ஒரு வயல்வெளியில கம்பி அடிச்சு இஞ்சால ஆம்பிளையள், அங்கால பொம்பிளையள் எண்டு பிரிச்சு விட்டிருந்தாங்கள். தவமலரும் துளசிகாவும் அங்கால அந்தச் சனத்துக்க எங்கையோ. நானும் நிருவும் இஞ்சால. அவனை அதுக்குப் பதினொரு நாளைக்கு முன்னால இயக்கம் வீட்டுக்கு ஒராள் சண்டைக்கு எண்டு பிடிச்சுக்கொண்டு போய்த் தலைமயிரை ஒட்ட வெட்டிப்போட்டுது, ஏழாம் நாள் தப்பி ஓடி வந்திட்டான். ஏழு நாள். ஏழே ஏழு நாள்தான் அவன் அங்க இருந்தது. ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டே இருந்தாங்கள், இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ, பதிஞ்சவையை விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு. அவன் சொன்னவன், "அப்பா, நான் சும்மா சனத்தோட சனமாப் போறன்" எண்டு. எனக்குக் கொதி வந்திட்டுது. விசர்க்கதை கதையாதை எண்டன். முப்பது வருசம் நான் சனத்துக்குச் சொன்னது ஒண்டே ஒண்டுதான், பதிஞ்சா வரும், பதியாட்டி வராது. குடும்ப அட்டையில பிள்ளையின்ர பேரைப் பதியாமல் விட்டுப்போட்டு நிவாரணம் வரேல்லை எண்டு கத்துறவையை நான் எத்தினை பேரைக் கண்டிருப்பன்? பேர் இருக்கிற ஆளைத்தான் ஒருத்தராலும் இல்லையெண்டு சொல்ல ஏலாது, இது என்ர தொழில், எனக்குத் தெரியாதோ? கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். மேசையில ஒரு பெரிய கொப்பி, சிவப்புக் கோடு போட்டு, இலக்கம், பேர், வயசு, ஊர் எண்டு நிரை பிரிச்சு, ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் முத்து முத்தா எழுதியிருந்தது. உண்மையைச் சொல்லுறன், அந்தக் கொப்பியைக் கண்டவுடன எனக்கு நெஞ்சு ஆறிச்சுது. இவ்வளவு வடிவாக் கொப்பி எழுதிறவன் ஒரு பிள்ளையைத் துலைப்பானோ எண்டு நினைச்சன். அவங்கள் கேக்காமலே எங்கட குடும்ப அட்டை இலக்கத்தையும் சொன்னன், பாடமாச் சொன்னன், பெருமையோட சொன்னன். என்ர வாழ்க்கையில நான் ஆரையும் லேசில நம்பிறவன் இல்லை, அண்டைக்கு ஒரேயொரு தரம் முழுசா நம்பினன். நீங்கள் போங்கோ, அவர் பிறகு வருவார் எண்டாங்கள். வந்திட்டன். கம்பி முடியிற இடத்தில தவமலரைக் கண்டன், நிரு எங்க எண்டு கேட்டாள், வாய் தன்ர பாட்டில சொல்லிச்சுது, இழுத்துக்கொண்டு போட்டாங்கள் எண்டு. பின்னேரத்துக்கிடையில வந்திடுவான், வந்தாப் பிறகு சொல்லிச் சிரிக்கலாம் எண்டுதான் நினைச்சன். பின்னேரம் வந்திச்சுது.

சைக்கிளடிக்குத் திரும்பி வந்து நிக்கிறன், மண்டபத்துக்குள்ள இருந்து கமலாசினி வாறா, எங்கட ஒழுங்கையில கடைசி வீடு, புருசனைத் துலைச்சவ, வாய் கொஞ்சம் நீளம். அழுத முகத்தைக் கழுவத்தான் பைப்படிக்கு வந்தவ, என்னைக் கண்டவுடன கழுவாமலே கிட்ட வந்திட்டா. உவவை அனுப்பி விட்டிருக்கினம் எண்டு நான் உசாரானன். "மனேச்சர் அண்ணை, உள்ளுக்க வராட்டிப் போங்கோ, அக்காவுக்காவது ஒருக்காச் சொல்லுங்கோவன்." "என்னத்தைச் சொல்ல?" "வாயைத் திறக்கச் சொல்லி. ஏழு கிழமையா ஒரு சொல்லுக் கதைக்கேல்லை அண்ணை." "ஆர்?" "தவமலரக்காதான், வேற ஆர்? எங்கட முறை வந்தா நாங்கள் கொட்டித் தீர்த்துப் போடுவம், எங்கட கண்ணீருக்கு அந்தப் பிள்ளை பேப்பர்ப் பெட்டி வாங்கியே களைச்சுப் போச்சு. அக்கான்ர முறை வந்தா, எனக்குப் பிறகு எண்டுவா, தலையைக் குனிஞ்சுகொண்டு இருப்பா. அவ்வளவுதான். மிஸ்ஸும் வற்புறுத்த மாட்டா. இண்டைக்கும் அப்பிடித்தான். அந்த மனுசி உள்ளுக்கையே கிடந்து வேகுது அண்ணை." எண்டு சொல்லிப்போட்டு முகத்தைக் கழுவிச் சீலைத் தலைப்பால துடைச்சுக்கொண்டு போட்டா. நான் சிரிச்சன், அவ போன பிறகு தனிய நிண்டு. நல்ல நாடகம். கதைக்கேல்லை எண்டு சொன்னா நான் பேய்க்காட்டுப்பட்டு வீட்ட போயிடுவன் எண்டு நினைச்சவையாக்கும். ஏழு கிழமை வாய் திறக்காதவள் ஏன் கிழமைக்குக் கிழமை வாறாள்? ரண்டு மணிக்கெண்டா ஒண்டரைக்கே சீலை உடுத்து வெளிக்கிட்டு நிக்கிறாளே, ஊமையா இருக்கிறதுக்கோ? கமலாசினி பொய் சொல்லுறா. ஆனா கமலாசினிக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுக்கு வாய் முந்தும், மூளை பிந்தும், அது இந்த ஊருக்கே தெரிஞ்ச கதை.

அப்ப உண்மை. உண்மையெண்டா ஏன்? கந்தோர் கந்தோராப் போய் ஆயிரம் தரம் சொன்ன கதை, வரிசையில நிண்ட பிள்ளையை எண்டு தொடங்கினா தண்ணி மாதிரி வரும், அதை இஞ்ச ஒருக்காச் சொல்லிப்போட்டு மற்றவை மாதிரி அழுதிட்டு வரலாமே. அதைச் சொல்ல அவளுக்கு என்ன தடை? கந்தோரில கேட்டது எத்தினை மணிக்கு, எந்த இடத்தில எண்டு. இஞ்ச ஒருத்தரும் மணி கேக்கிறதில்லை, உன்ர மனசுக்க கிடக்கிறதைச் சொல்லு எண்டு மட்டும் விடுகினம். அவள்ர மனசுக்க அந்தக் கதை இல்லையோ? வேற கதையோ கிடக்கு? யோசி, யோசியடா. தடுப்பு முகாமில இருந்து விடுபட்டு வந்த பெடியள் ஒவ்வொருத்தனிட்டையும் போனாள், நிருவைக் கண்டனியோ, என்ன உடுப்போட கண்டனி, மெலிஞ்சிருந்தவனோ எண்டு கேட்டாள். பஸ்சில பக்கத்தில இருந்தவளிட்டக் கேட்டாள். சாத்திரியிட்டக் கேட்டாள், கோயிலில வாக்குச் சொல்லுற மனுசியிட்டக் கேட்டாள். ஒரு தரம், சாவகச்சேரிச் சந்தையில முன்பின் தெரியாத ஒரு பெடியனை மறிச்சு, தம்பி உங்களுக்கு நிரூபனைத் தெரியுமோ எண்டு கேட்டாள், அவன் பாவம் பயந்து போனான். எல்லாரிட்டையும் கேட்டாள். என்னட்டை? என்னட்டக் கேட்டவளோ? அவனோட கடைசியா நிண்டது நான். கடைசியாத் தொட்டது நான். எந்தத் தாயும் முதல்ல கேக்கிறது, பிள்ளை கடைசியா என்ன சொன்னவன் எண்டுதானே? ஒன்பது வருசத்தில ஒருநாள், ஒரேயொரு நாள்கூட என்ர மனுசி என்னட்ட அதைக் கேக்கேல்லை. எனக்கது ஆறுதலா இருந்தது, கடவுளே, கேக்காமல் விட்டாளே எண்டு நான் உள்ளுக்கச் சந்தோசப்பட்டனான். மற்றவைக்குப் பின்னால ஓடி ஓடித் துப்பறிஞ்ச நான், பக்கத்தில படுத்தவள் ஏன் கேக்கேல்லை எண்டு ஒருக்காவும் யோசிக்கேல்லை. அவளுக்குத் தெரியும். கேட்டா நான் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும், அதுக்குத்தான் கேக்கேல்லை. ஆரோ சொல்லியிருக்கினம், அந்த வயலில கண் இல்லாமலோ சனம் நிண்டது? தெரிஞ்சுகொண்டு எனக்குப் புட்டுக் குழைச்சிருக்கிறாள். உள்ளுக்க வாயைத் திறந்தா என்னைத்தான் சொல்ல வேணும் எண்டு பன்னிரண்டு பேருக்கு முன்னால பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறாள், இருந்து இருந்து கரையிறாள், நான் வெளியில குந்தியிருந்து செருப்பு எண்ணிறன். சீ, நானும் ஒரு மனுசன்.

கால் தன்ர பாட்டில போச்சுது. செருப்பைக் கழட்டேக்க ஒண்டு கழண்டுது, மற்றது வாரில சிக்குப்பட்டுது, அதை இழுத்துக்கொண்டு நிக்கேக்க எல்லாரும் திரும்பிப் பாத்தினம். ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தவ நிப்பாட்டிப் போட்டா. வினோதா மிஸ் எழும்பேல்லை, வாங்கோ ஐயா எண்டு மட்டும் சொல்லி வெறுங்கதிரை ஒண்டைக் காட்டினா, அது தவமலருக்குப் பக்கத்தில. நான் இருந்தன். தவமலர் என்னைப் பாக்கேல்லை, நிலத்தையே பாத்துக்கொண்டிருந்தாள், சீலைத் தலைப்பை விரலில சுத்திச் சுத்தி விரல் வெளுத்துப் போச்சு. ஆரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். மேல சுத்துற காத்தாடி கிறீச் கிறீச் எண்டுது. "என்ர மகனை ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போகேல்லை" எண்டன். என்ர குரல் எனக்கே ஆற்றயோ குரல் மாதிரிக் கேட்டுது. "நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் மேசையில பேர் பதிஞ்சு விட்டனான். அவன் மாட்டன் எண்டவன். நான்தான் பதிஞ்சாத்தான் பாதுகாப்பு எண்டனான். பதிஞ்சு முடிய, அம்மாட்டச் சொல்லாதேங்கோ அப்பா, பயப்பிடுவா எண்டவன். அதுதான் அவன் கடைசியாச் சொன்னது. அதுக்குப் பிறகு பாத்தவனோ, அழுதவனோ, எனக்கொண்டும் தெரியாது. எல்லாம் சரியாப் போச்செண்டு நினைச்சுக்கொண்டு நான் திரும்பிப் பாக்காமல் வந்திட்டன்." அவளைப் பாக்கப் பயமா இருந்தது. ஏசுவாள், எழும்பிப் போவாள், எல்லாருக்கும் முன்னால என்ர முகத்தில காறித் துப்புவாள், எதுவெண்டாலும் சரி எண்டு இருந்தன். அவளுக்கு மூச்சு இழுபட்டுது. ஒருக்கா, ரண்டுதரம். பிறகு எட்டுக் கிழமையில முதல் தரமா அந்த மண்டபத்தில என்ர மனுசி வாயைத் திறந்தாள். "பாத்தவன்," எண்டாள். "ரண்டு தரம் திரும்பிப் பாத்தவன். நான் கம்பிக்கு அங்கால நிண்டு கண்டனான். நீங்கள் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகேக்கையும் கண்டனான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா என்னட்ட ஓடி வந்திருப்பான்." சீலைத் தலைப்பை விட்டிட்டு என்ர முகத்தைப் பாத்தாள். "இவர் பதியிறாரெண்டாச் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். நான் கூப்பிடேல்லை."